நல்ல தண்ணி, உப்புத் தண்ணி: நாக்குக்குத் தெரியாத கெடுதல்

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. சில ஊர்களில் இதையே சப்பைத் தண்ணி என்பார்கள். நல்ல தண்ணி ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருவது. உப்புத் தண்ணி போர்வெல்லில் ஏறி வருவது. வீட்டுக்கு ஒரம்பரை (உறவுக்காரர்கள்) வந்தால், சொம்பை நீட்டும்போதே "நல்ல தண்ணிதானுங்க, குடியுங்க" என்று சொல்லிவிடுவோம். கோவைக்கு வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. வெளியூரில் போய் ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிப்பார்கள்.

இந்தப் பிரிப்பு நாக்கு செய்த பிரிப்பு. நாக்குக்கு உப்பு தெரியும், கிருமி தெரியாது. சாக்கடை கொஞ்சமாகக் கலந்த சிறுவாணித் தண்ணீரும் இனிப்பாகத்தான் இருக்கும். வாயில் வைக்க முடியாத போர்வெல் தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே "தண்ணி கெட்டுப்போச்சு" என்று தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எது கெட்டிருக்கிறது என்பதுதான். கிருமி சேர்ந்திருந்தால் ஒரு வைத்தியம். உப்போ ரசாயனமோ சேர்ந்திருந்தால் வேறு வைத்தியம். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு உதவாது. சில நேரம் அதைக் கூடுதலாகக் கெடுத்துவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் நான்கு வீடுகளில் மஞ்சள் காமாலை வந்தது. ஐந்தாவது படிக்கும் என் அக்கா மகளும் படுத்துவிட்டாள். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கீழாநெல்லி பறித்து வந்து அரைத்துக் கொடுத்தார். அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வீட்டிலும் ஒரே காமாலை என்றால் கோளாறு கல்லீரலில் தொடங்கவில்லை, குழாயில் தொடங்கியிருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, ருசியாக இருந்தது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. பிறகு தோண்டிப் பார்த்தபோது, சாக்கடைக்கு அடியில் போகும் வீட்டு இணைப்புக் குழாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

காலிக் குழாய் இழுப்பது

அந்த ஓட்டை வழியாகச் சாக்கடை எப்படி உள்ளே போனது? குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெளியில் இருப்பது உள்ளே வராது. தண்ணீர் நின்றதும் நிலைமை தலைகீழாகிவிடும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்கும்போது மேட்டுப் பகுதியில் வெற்றிடம் உண்டாகிறது. உறிஞ்சுகுழல் போல அது வெளியில் தேங்கியிருக்கும் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நாளுக்கு ஒரு நாள் என்று தண்ணீர் விடும் நம் ஊர்களில் குழாய் நிறைந்திருக்கும் நேரத்தைவிடக் காலியாக இருக்கும் நேரம்தான் அதிகம்.

அப்புறம் மோட்டார். குழாயோடு நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பதால்தான் தடை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம். மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. அழுத்தம் குறைந்த குழாயில் அது வேகமாக உறிஞ்சும்போது, வழியில் எங்கே விரிசல் இருந்தாலும் அதைச் சுற்றியுள்ளதையும் சேர்த்து இழுக்கும். முதலில் வந்து சேர்வது மோட்டார் மாட்டியவர் வீட்டு சம்ப்புக்குத்தான் (தரைக்கு அடியில் கட்டிய தொட்டி). பத்து நிமிடம் முன்னால் தொட்டி நிறைய வேண்டும் என்பதற்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

தண்ணீர் வரும் நாளில் முதல் சில நிமிடங்கள் கலங்கலாக வருவதும் இதனால்தான். அதைச் செடிக்கோ வாசலுக்கோ விட்டுவிட்டு, தெளிந்த பிறகு பிடிக்கலாம். தெளிந்ததாலேயே அது சுத்தமாகிவிடாது. ஆனால் கலங்கலைப் பிடித்தால் அடுத்து செய்யும் எந்தச் சுத்திகரிப்பும் சரியாக வேலை செய்யாது.

குழாயில் துணி கட்டும் வழக்கம் நம் பக்கம் நிறைய. அது மூடத்தனம் அல்ல. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து அதில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் அந்த ஆய்வு வெளியானது. காலராக் கிருமி தண்ணீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அவற்றைப் பிடித்துவிடுகிறது. ஆனால் துணியை ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். நம் வீடுகளில் துணி குழாயிலேயே மாதக்கணக்கில் தொங்கும், நனைந்து நனைந்து கறுத்துப்போகும். அப்படியான துணி இல்லாமல் இருப்பதே மேல். மஞ்சள் காமாலை வைரஸுக்கு எந்தத் துணியும் தடை இல்லை.

கொதித்தால் சாவது எது, சாகாதது எது

கிருமிக்கு நம்பகமான மருந்து கொதிநீர்தான். குமிழிகள் பாத்திரத்தின் அடியிலிருந்து நிற்காமல் எழுந்து தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும் ஒரு நிமிடம் விட்டால் போதும். டைபாய்டு, காலரா, சீதபேதி, காமாலை எல்லாவற்றின் கிருமிகளும் அதற்குள் செத்துவிடும். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும், பாதியாகச் சுண்ட வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். தேவையில்லை, கேஸ் தான் தீரும். உயரமான மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் சுமார் 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார்கள். ஊட்டிக்கு அது பொருந்தும். வால்பாறை, ஏற்காடு வரை ஒரு நிமிடமே போதும். கொதித்ததும் தானாக அணையும் மின்சாரக் கெட்டிலும் இந்த வேலைக்கு உதவும்.

அடுப்பு மூட்ட முடியாத நாளில் வெயில் இருக்கிறது. நிறமில்லாத, கீறல் விழாத பிளாஸ்டிக் பாட்டிலில், இரண்டு லிட்டருக்கு மேற்படாத பாட்டிலில், தெளிந்த தண்ணீரை நிரப்பி மொட்டை மாடியில் படுக்க வைத்தால் நல்ல வெயிலில் ஆறு மணி நேரத்தில் கிருமி அடங்கும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் ஆகும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பலன் கிடைக்காது. வேலை செய்ய வேண்டிய புறஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். கலங்கிய தண்ணீராக இருந்தால் முதலில் தெளிய வைக்க வேண்டும். சீனாக்காரத்தை (படிகாரம்) லேசாகச் சுழற்றுவது, தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசுவது, முருங்கை விதையை இடித்துப் போடுவது என்று நம்மிடம் பழைய வழிகள் இருக்கின்றன. மூன்றும் மண்ணை அடியில் படிய வைக்கும். அதோடு கொஞ்சம் கிருமியும் இறங்கும், முழுதாக இறங்காது. தெளிய வைத்த பிறகும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கொதிநீரால் ஆகாதது ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நொய்யல் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசனத்துக்காக அந்த ஆற்றில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகிப்போயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை பரவலாயிற்று. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் மேலேறி வந்துவிடாது. அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு, நைட்ரேட், உலோகம் எல்லாம் பாத்திரத்திலேயே தங்கி, முன்பைவிட அடர்த்தியாகும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக் காரை தண்ணீரின் கடினத்தன்மையில் கொஞ்சத்தைக் குறைக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கெடுதலும் இறங்கிவிட்டது என்று நம்பக் கூடாது.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு. அது சாயக்கழிவு அல்ல, பாறையிலேயே இருப்பது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிப் பல வருடம் குடித்தால் முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், பிறகு எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருந்ததற்குக் காரணம் இதுதான். கொதிக்க வைப்பதும் குளோரின் போடுவதும் ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், அல்லது உப்பை வடித்தெடுக்கும் ஆர்ஓ மிஷின். வீட்டளவில் சுலபமான வழி இவைதான்.

கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை நாம் கவனிப்பதே இல்லை. கொங்கு நாட்டுப் பூமி பெரும்பாலும் கடினப் பாறை. மணலில் தண்ணீர் மெல்ல ஊறி இறங்கும்போது வடிகட்டப்படும். பாறையில் அது வெடிப்பு வழியாக நேராக ஓடும். மூன்று சென்ட் மனையில் முன்னால் போர்வெல், பின்னால் செப்டிக் டேங்க் என்று வைத்திருக்கிறோம். ஆயிரம் அடி ஆழம் போட்டாச்சு, அழுக்கு எப்படி வரும் என்று கேட்பார்கள். கேசிங் பைப் மேல்மண் முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடம் வரைதான் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே இருக்கும் எந்த வெடிப்பும் பக்கத்து வீட்டு செப்டிக் குழியோடு பேசிக்கொண்டிருக்கலாம். வயல் உரமும் அதே வழியில் வரும். நைட்ரேட்டின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை. அதற்கு மேல் போன தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உதடும் நகமும் நீலமாகிவிடலாம். பெற்றவர்கள் கவனமாக நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். அதை நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது.

விளாவுதல்

சரி, கெட்டிருப்பது கிருமிதான், கொதிக்க வைத்தாயிற்று. அதன் பிறகும் ஏன் நோய் வருகிறது? என் அக்கா வீட்டில் இதைத்தான் பல நாள் யோசித்தோம். அவள் தண்ணீரைக் கொதிக்க வைக்காத நாளே இல்லை. பிறகு ஒரு காலையில் அடுப்படியில் நின்று பார்த்தபோது புரிந்தது. கொதித்த தண்ணீர் சூடாக இருக்கிறதென்று அரை டம்ளர் பச்சைத்தண்ணீரை ஊற்றி விளாவி, பிள்ளையிடம் கொடுத்தாள். "அப்பத்தானுங்க குடிக்கப் பதமா இருக்கும்" என்றார் அமுச்சி. ஒரு நிமிடம் கொதித்ததன் பலன் அந்த அரை டம்ளரில் போய்விட்டது. விளாவ வேண்டுமென்றால் முதல் நாள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் விளாவ வேண்டும். இரவே ஒரு போசியில் கொதிக்க வைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் இந்தச் சிக்கல் இல்லை.

அதே பார்வையோடு அடுப்படி முழுக்கச் சுற்றிப் பார்த்தால் பச்சைத்தண்ணீர் எத்தனை இடத்தில் வாய்க்குள் போகிறது என்பது ஆச்சரியமாக இருக்கும். சோறு, குழம்பு, ரசம் எல்லாம் கொதிப்பதால் பயமில்லை. இட்லி மாவில் ஊற்றும் தண்ணீர் ஆவியில் வெந்துவிடும். தேங்காய்ச் சட்னி வேகாது. அரைக்கும்போது ஊற்றுவதும், மிக்சி ஜாரைக் கழுவி ஊற்றுவதும் பச்சைத்தண்ணீர்தான். மேலே கடுகு தாளித்தால் அது கொதித்ததாகிவிடாது. மோர் அப்படியே. கம்மஞ்சோற்றைக் கரைப்பதும் அப்படியே. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீச்சத்தண்ணி என்று குடிக்கிறோமே, அதில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? புளிப்பதால் சில கிருமிகள் அடங்கும், எல்லாம் அடங்காது. வைரஸ்களை நம்பவே முடியாது. பழைய சோற்றை விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆறிய கொதிநீரை ஊற்றினால் அதே ருசி, அதே புளிப்பு.

பல் துலக்குவது, வாய் கொப்பளிப்பது, வெங்காயம், வெள்ளரிக்காய், கொத்தமல்லித் தழையை அலசுவது, ஃபிரிட்ஜில் ஐஸ் வைப்பது, குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவுவது ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் கிருமி கலந்த தண்ணீர் பெரும்பாலும் பரவாயில்லை. பிள்ளைகள் வாயில் கொப்பளித்து விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நோம்பி (திருவிழா) சமயத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்டா அண்டாவாக மோர் கரைக்கும் தண்ணீரை முதல் நாளே கொதிக்க வைக்கவோ குளோரின் சேர்க்கவோ ஏற்பாடு செய்யுங்கள். ஒரு அண்டாத் தண்ணீர் ஊர் முழுக்கப் போகிறது.

இன்னொரு வழி கை. கொதித்து ஆறிய குடத்துக்குள் டம்ளரை முக்கி எடுக்கும்போது விரலும் சேர்ந்து முங்குகிறது. கீழே குழாய் வைத்த பானை, அல்லது நீளக் காம்புள்ள அகப்பை, இரண்டில் ஒன்று இருந்தால் இது தீரும். செப்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பாக்டீரியா குறைவது உண்மைதான், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தெரு முழுக்கக் காமாலை இருக்கும்போது அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சம்ப்பு, மேல்தொட்டி, கேன்

பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தால் சேமித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கிருமியைக் கொல்ல அதில் கலந்த குளோரின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். நகராட்சித் தண்ணீரில் 'மருந்து வாசம்' அடிக்கிறது என்று குறைப்படுகிறோம். அந்த லேசான வாசம்தான் குழாயிலும் தொட்டியிலும் தண்ணீரைக் காத்து நிற்பது. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஒரு நாள் திறந்து வைத்தால் வாசம் போய்விடும். ஆகவே வாசம் இல்லாத நாளில்தான் கவலைப்பட வேண்டும்.

சம்ப்புத் தண்ணீருக்கு நாமே பிளீச்சிங் பவுடர் போடலாம். 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய ஒரு தட்டையான டீஸ்பூன். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். பிரித்து வைத்த பாக்கெட்டில் அது நாளுக்கு நாள் குறையும், அதனால் போன வருடப் பாக்கெட்டை நம்ப வேண்டாம். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடத்து அளவுக்கு வேண்டுமென்றால் குளோரின் மாத்திரைதான் சுலபம். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது உறையில் இருக்கும், அதைப் பார்த்தே போட வேண்டும். கலங்கிய தண்ணீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும் என்பதால் முதலில் தெளிய வைப்பது இங்கேயும் பொருந்தும். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும்.

சம்ப்பைத் தேய்த்துக் கழுவ இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல நாள் மூடிக்கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே பிடித்துக்கொள்ள ஆள். உள்ளே ஒருவர் மயங்கினால் பதறி அடுத்தவர் இறங்கக் கூடாது. இப்படி ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் செத்தவர்களின் செய்தி வராத வருடம் இல்லை.

தேக்கி வைத்த தண்ணீரில் டெங்குக் கொசுவும் இருக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நமக்குத் தண்ணீர் வரும் இடைவெளியும் அதுதான். டிரம், தொட்டி, அண்டா எதுவானாலும் மூடி கச்சிதமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை காலி செய்து உள்புறத்தைத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது.

கேன் தண்ணீர் வாங்குபவர்கள் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் மூன்றையும் பார்க்கலாம். வெயிலில் நின்ற வண்டியில் பச்சை படிந்த கேன் வந்தால் திருப்பி அனுப்புவதில் தயக்கம் வேண்டாம். கேனைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரை யாரும் கழுவுவதே இல்லை. நல்ல தண்ணீர் அங்கே போய்க் கெடுகிறது.

மீட்டர் காட்டுவது

டிடிஎஸ் மீட்டர் இப்போது பலர் கையில் இருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்பது தர அளவு. ஆனால் அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும் கருவி, நம் நாக்கைப் போலவே. அதில் 60 என்று வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தம் ஆகாது. வீட்டுக்கு வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, "பாருங்க அம்மிணி, எப்படிப் பழுப்பாச்சு" என்று காட்டி மிஷின் விற்கிறார்கள். பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி துருப்பிடித்துக் கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, நிறமும் மாறாது. அருமையான சிறுவாணித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் காட்டினாலும் பழுப்பாகும்.

ஆர்ஓ தேவைப்படும் வீடுகள் நிறைய இருக்கின்றன. போர்வெல் தண்ணீரையே குடிக்க வேண்டிய வீடு, ஃபுளோரைடோ நைட்ரேட்டோ கூடிய ஊர், நொய்யல் கரை. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கொதிக்க வைப்பதோ, யுவி (புறஊதா) விளக்கு வைத்த ஃபில்டரோ போதும். யுவிக்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். விளக்கு எரிந்தாலும் நாளாக நாளாகச் சக்தி குறையும், அதனால் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர் எப்படி என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளச் சோதனைதான் வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டி நாமும் சோதிக்கலாம். எடுத்துப்போகும் பாட்டில், எடுக்கும் முறை எல்லாவற்றையும் முன்பே அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அறிக்கையில் முதலில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) என்ற வரியைப் பாருங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்து நைட்ரேட், ஃபுளோரைடு. டிடிஎஸ் அதற்கெல்லாம் பிறகு.

யாருக்காவது வந்துவிட்டால்

வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது நீரிழப்பு. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு டாக்டர்கள் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். கண் குழிந்தால், சிறுநீர் பல மணி நேரம் வராவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் 108ஐ அழைத்துவிட வேண்டும்.

தெருவில் காமாலை என்று கேள்விப்பட்டால் முதலில் கர்ப்பிணிகளை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ, கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் தாய்மாரில் ஐந்தில் ஒருவர் வரை பலி வாங்கக்கூடியது. கீழாநெல்லியோடு வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய் இல்லை அது. உங்கள் தெருவில் இரண்டாவது வீட்டில் காமாலை என்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் நான்காவது வீடு வரை காத்திருந்தோம்.

குழாய் சரியான பிறகு

ஓட்டையை அடைத்தாயிற்று, தண்ணீர் நன்றாக வருகிறது என்று அறிவித்த அன்று உடனே பிடித்துக் குடித்துவிட வேண்டாம். கெட்ட தண்ணீர் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாயைச் சில நிமிடம் திறந்து விட்டு, சம்ப்பையும் மேல்தொட்டியையும் காலி செய்து தேய்த்து, பிளீச்சிங் கரைசலால் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஃபில்டரின் மெழுகுவத்தி வடிகட்டியை மாற்றுவதோ கொதிநீரில் போடுவதோ, எது அந்த மாடலுக்குப் பொருந்துமோ அதைச் செய்யலாம். ஃபிரிட்ஜில் இருக்கும் ஐஸ், பாட்டில் தண்ணீர், கரைத்து வைத்த மோர் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. குழாயில் கட்டியிருந்த கறுத்த துணியை அமுச்சியே அவிழ்த்துப் போட்டார். இப்போது அங்கே கட்டுவது வெள்ளை வேட்டித் துண்டு, இரண்டு இருக்கிறது, ஒன்று குழாயில் என்றால் மற்றொன்று கொடியில் காய்கிறது.